பேர் வாங்கிய தயிர்சாதம்

முந்தாநாள் ஜோதி போன் செய்தாள். என்னோடு வேலை பார்த்த ரத்தினத்தின் மகள். நீலகிரியில் குந்தாப் பக்கம் ஒரு மின் நிலையத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கிறாள். அதே இடத்தில் முப்பத்திரண்டு வருடம் உழைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். கேம்ப்பில், அதாவது எங்கள் மின் நிலையக் குடியிருப்பில், பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஜிம் வைக்கிறார்களாம், அதை நான் வந்து திறந்துவைக்க வேண்டுமாம். அதுவரைக்கும் சரி. அடுத்ததாக, சுவரில் மாட்டப்போகிற போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பினாள். தோளில் கயிற்றுச் சுருளோடு நான் படியில் நிற்கிற பழைய படம். கீழே கொட்டை எழுத்தில், "தயிர்சாதம் சாப்பிட்டே மலை ஏறியவர்."

எனக்கு உச்சந்தலை வரை எரிச்சல் ஏறியது. சைவம் சாப்பிடுகிறவன் உடம்பைப் பற்றி ஊரில் நடக்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கூட்டம் முட்டையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் திரிந்தது. முட்டை சைவம்தானே என்பார்கள். சரி, கறியை எடுத்துவிடுகிறோம், சாற்றை மட்டும் குடி என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. அது என்னைச் சைவத்துக்கு விளம்பரப் பலகையாக நிறுத்தப் பார்க்கிற கூட்டம். யானையைப் பாருங்கள், நம்ம மணியைப் பாருங்கள் என்று என்னைக் காட்டி மேடையில் பேசுவார்கள். அந்த யானை ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. மூன்றாவது கூட்டம் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் கரைத்துக் குடித்துவிட்டு, எத்தனை நாளில் தோள் வரும் என்று என்னிடம் விசாரிக்கிற கூட்டம். நான் சைவமாக இருப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் சமைத்ததில்லை, நாக்குப் பழகவில்லை. அதில் பெருமைப்படவோ வெட்கப்படவோ என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

போஸ்டரை மாற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஜோதி முந்திக்கொண்டாள். பெண்களுக்கான வலுதூக்கும் போட்டிக்குப் பழகுகிறாளாம். இரண்டு மாதமாகக் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளாம். காலையில் டீ, மதியம் தயிர்சாதம். போன வாரம் படியில் ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத்தான் மனசு உறுதி பத்தல போல பெரியப்பா. நீங்கெல்லாம் அதைத் தின்னுட்டுத்தானே ஏறுனீங்க?"

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இதே பேச்சை இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவள் அப்பன் வாயிலிருந்து கேட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை பென்ஸ்டாக் பராமரிப்பு. மலை உச்சியிலிருந்து தண்ணீரைக் கீழே மின் நிலையத்துக்கு இறக்கும் பெரிய இரும்புக் குழாய்க்குத்தான் பென்ஸ்டாக் என்று பெயர். குழாயை ஒட்டியே கல்படிகள் செங்குத்தாக ஏறும். கசிவு பார்ப்பது, போல்ட் முடுக்குவது, கிரீஸ் வைப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அந்தப் படியில் நின்றுதான். சாமான் ஏற்ற, இரும்புக் கயிற்றில் இழுக்கிற வின்ச் வண்டி உண்டு. அது பாதி நாள் ஓடாது. ஓடாத நாளில் எல்லாம் எங்கள் தோளில் ஏறும். என் முதல் இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் வலித்தது, பிறகு வலிப்பது நின்றது.

ஃபோர்மேன் பெயர் பெள்ளி. பக்கத்தில் பிக்கட்டி ஊர்க்காரர், படகர். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. பதினெட்டு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், அவர் கத்தி நான் கேட்டதில்லை. காலை ஏழரைக்கு வால்வு ரூம் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். ரிஜிஸ்டரை இடது கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். முதலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பார்ப்பார். நிமிர்ந்து, "காலையில என்ன சாப்ட்ட?" என்று கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் பேருக்கு எதிரே கையெழுத்து. வெறும் டீ என்று சொன்னவனுக்கு அன்றைக்குப் படி கிடையாது, கீழே உட்கார்ந்து கிரீஸ் டப்பா கழுவ வேண்டியதுதான். பசியோடு சரிவில் நிற்கிறவன் தானும் விழுவான், கீழே நிற்கிறவனையும் சேர்த்துத் தள்ளுவான் என்பது அவர் கணக்கு.

மூட்டை தூக்குவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் வாரம் கால் மூட்டை, அடுத்த வாரம் அரை மூட்டை, அப்படி அப்படித்தான் ஏற்றுவார். பாதம் முழுக்கப் படியில் பதிய வேண்டும். முப்பது படிக்கு ஒருதரம் நின்று பத்து மூச்சு விட வேண்டும். ஏறும்போது திடீரென்று பின்னாலிருந்து ஏதாவது கேட்பார். மூச்சு அறுபடாமல் ஒரு வாக்கியம் முழுதாகப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூச்சு வாங்கிய பிறகு நிற்கிறவன் நேரம் கழித்து நிற்கிறவன் என்பார். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. மீதிப் பாதி சமையலறையிலிருந்து வந்தது. நான் ஒளித்துவைத்தது அந்தப் பாதியைத்தான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அவர் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். ராகிக் களி இரண்டு உருண்டை, கொள்ளு மசியல் ஒரு கிண்ணம், ஊறவைத்த நிலக்கடலை ஒரு கை, ஒரு சொம்பு பால். கொள்ளு என்ற சொல் காதில் விழுந்ததும் வரிசையே சிரித்தது. அது குதிரைக்குப் போடுகிற தீனி இல்லையா. அடுத்த ஊட்டி ரேஸுக்கு இவனையும் கூட்டிப் போகலாம் என்றான் ஒருவன். சாயங்காலத்துக்குள் என் பெயர் குதிரை ஆகிவிட்டது. பின்னால் வந்து நின்று கனைப்பார்கள். மறுநாள் கேன்டீனில் நான் உட்காருகிற இடத்தில் ஒரு கட்டுப் புல் இருந்தது. இதெல்லாம் வேலை பார்க்கிற இடத்தில் நடக்கிறதுதான், இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அவர்களே மறந்திருப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ரோஷம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஃபோர்மேன் கேட்டபோது, "தயிர்சாதம்ங்க," என்றேன். தயிர்சாதத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் உள்ளே தயிர்சாதம்தான் இருக்கும், வயிற்றை அடைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் படி ஏற முடியாது என்பதால். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் வீட்டில் களியும் கொள்ளும், சாயங்காலம் வீட்டில் பருப்பும் அவரைக்கொட்டையும் கீரையும். நடுவில் ஊர் பார்க்க ஒரு டப்பா தயிர்சாதம். ஒரு வருடத்துக்குள் அது கதையாகிவிட்டது. பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் வந்து என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணம் ஆன பிறகு இந்த விஷயம் என் மனைவி மரகதத்தின் காதுக்கும் போனது. அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்க, நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வெக்கறது நானு. பேரு மட்டும் தயிருக்குங்களா?"

நான் சிரித்துச் சமாளித்தேன்.

இனி ரத்தினம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்களோடு ஏழு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். அவன் அம்மா இன்னும் இலங்கைப் பேச்சை விடவில்லை, ஒப்பந்த வேலையைக் கொந்தரப்பு என்பார். மகன் கொந்தரப்பிலேயே கிழவனாகிவிடுவான் போலிருக்கிறதே என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்புவார். அந்த வருடம் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்க உடற்தகுதித் தேர்வு வைத்தார்கள். ரத்தினத்துக்கு வயது வரம்பு முடிய ஆறு மாதம்தான் பாக்கி. தேறினால் வேலையும் உண்டு, கேம்ப்பில் ஒரு வீடும் உண்டு. தவறினால் அடுத்த தேர்வு வரும்போது அவனை உள்ளேயே விட மாட்டார்கள்.

தேர்வு கார்த்திகை கடைசியில் வந்தது. கார்த்திகை முதல் தேதியே ரத்தினம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அவன் மனைவி சாந்திக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். அதற்காக வேண்டிக்கொண்டு போட்ட மாலை. விடிவதற்கு முன்னால் குந்தாக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வெறுங்காலோடு வருவான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்று ஃபோர்மேன் உட்பட எல்லோரும் அவனைச் சாமி என்போம்.

மாலையைக் கழற்றிவிடு, கறி தின்னாமல் மூட்டை ஏறாது என்று ஆளாளுக்கு அவனை அரித்தார்கள். எனக்குக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கேன்டீனில் அவன் என் பக்கம் திரும்பினான்.

"மணியண்ணே, நீங்க சொல்லுங்க. மதியத்துக்குத் தயிர்சாதம் மட்டும் தின்னா போதுமா?"

பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே என் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது.

"போதும்," என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. காலையிலும் ராத்திரியிலும் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கறியை விடுகிறவன் அந்த இடத்தில் பருப்பையும் பயறையும் கடலையையும் இரண்டு மடங்காக வைக்க வேண்டும், விரதம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இது எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

தேர்வு இதுதான். ஒரு மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முந்நூறு படி ஏற வேண்டும். நிற்கலாம், மூட்டையை இறக்கக் கூடாது. வேறு யாரும் அதைத் தொடவும் கூடாது. ஆபீசிலிருந்து ஒருவர் கடிகாரத்தோடு வந்திருந்தார். வெறுங்காலோடு படியில் விட மாட்டேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டதால் ரத்தினம் கண்ணை மூடிச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூட்ஸைப் போட்டான். ஃபோர்மேன் குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"சாமி, காலையில என்ன சாப்ட்டீங்க?"

"இட்லிங்க. நாலு."

ஒரு மாதமாக அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் அவன் முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நூறு படி வரைக்கும் ரத்தினம் நன்றாக ஏறினான். ஃபோர்மேன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். நூற்றைம்பதில் பதில் பாதியாகியது. இருநூற்றில் தலையை மட்டும் ஆட்டினான். நான் அவனுக்கு நான்கு படி கீழே நின்றிருந்தேன். இருநூற்று நாற்பதாவது படியில் அவன் இடது கால் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆட ஆரம்பித்தது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மூட்டை தோளில்தான் இருந்தது. இறக்கு என்று மேலேயிருந்து கத்தினார்கள். இறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, மறுபடி பார்த்தான். தொட்டால் தேர்வு ரத்து என்று கடிகாரக்காரர் ஞாபகப்படுத்தினார்.

ஃபோர்மேன் இரண்டு படி இறங்கி அவன் முகத்துக்கு நேரே குனிந்தார். "சாமி, ஒரு வாக்கியம் பேசுங்க," என்றார். ரத்தினத்தின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஃபோர்மேன் இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். கடிகாரக்காரர் நோட்டை மூடினார். அறுபது படி பாக்கி இருந்தது.

வெல்லத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு ஃபோர்மேன் மறுபடி கேட்டார். இந்த முறை சாமி என்று சொல்லவில்லை.

"உண்மையச் சொல்லு. என்ன சாப்ட்ட?"

"நேத்து மதியம் தயிர்சாதம்."

"அதுக்கு முன்னால?"

"முந்தாநேத்து மதியம் தயிர்சாதம். அண்ணன் சாப்பிடுறதுதாங்க."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். எல்லோரும் இறங்கும்போது என் பக்கத்தில் வந்தவர், படியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உன் கல்யாணம் முடிஞ்ச வாரம் உன் வீட்ல மரகதம் எனக்குக் கொள்ளு ரசம் ஊத்துச்சு. நான் மறக்கல."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

சாயங்காலம் மரகதத்திடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. தூக்குப் பாத்திரத்தில் கொள்ளு மசியலைப் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள். "கொண்டுபோயிக் குடுத்துட்டு, வாயத் தொறந்து சொல்லிப்போட்டு வாங்க," என்றாள்.

ரத்தினம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், சுருண்டு படுத்திருந்தான். சாந்தி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். குதிரை என்று பெயர் வைத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப இது சாமி குத்தம் இல்லியாண்ணே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அண்ணன் ஏறுகிறாரே, நம்மால் முடியவில்லையே, அப்படியானால் விரதத்தில்தான் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று படியெல்லாம் நினைத்துக்கொண்டே ஏறியிருக்கிறான்.

"மூட்டையை எறக்குனா புள்ளை போயிரும்னு நெனச்சேண்ணே. அதான் எறக்கல."

சாந்தி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயம் தீர்ந்த அழுகை. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது. அவன் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கேன்டீனில் பன்னிரண்டு பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மனுஷன், தன் பிள்ளையின் உயிர் தோளில் இருக்கிறது என்று நம்பி இருநூற்று நாற்பது படி ஏறியிருக்கிறான்.

நான் கிளம்பும்போது ரத்தினம், "நீங்க வந்து சொன்னீங்கள்ல, அது போதும். இந்த லயத்த விட்டு வெளிய போகாதுண்ணே," என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை வரிசையில் நின்றேன். கேட்கட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று பதிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஃபோர்மேன் என் முன்னால் வந்தார். பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார். கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவனிடம் போனார். அதற்குப் பிறகு எட்டு வருடம், அவர் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும், வரிசையில் என்னை மட்டும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காவிட்டால் என்ன, நானாகச் சொல்லியிருக்கலாம். என் வாயை யாரும் தைத்து வைத்திருக்கவில்லை. நான் சொல்லவில்லை, தயிர்சாதக் கதை தன் பாட்டுக்கு வளர்ந்தது.

ரத்தினம் கடைசி வரைக்கும் நிரந்தரமாகவில்லை. முட்டி தேயும் வரை கொந்தரப்பில்தான் மூட்டை தூக்கினான். சித்திரையில் பெண் பிறந்தது, மலைக்குப் போய் ஜோதி பார்த்து வந்ததால் ஜோதி என்று பெயர் வைத்தான். சொன்ன வாக்கை அவன் எவ்வளவு கெட்டியாகக் காப்பாற்றியிருக்கிறான் என்றால், பெற்ற மகளுக்கே தயிர்சாதக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறான். அந்தப் பெண்தான் இப்போது அதை நம்பிப் பட்டினி கிடந்து இரும்பைத் தூக்குகிறது.

நேற்று முதலில் ரத்தினத்துக்குப் போன் செய்து, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். புள்ளை மெலிஞ்சு போறா."

பிறகு ஜோதியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா இறக்காத மூட்டையைப் பற்றியும், எதற்காக இறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப காலையில என்னதான் சாப்பிடுவீங்க பெரியப்பா?"

இருபத்தைந்து வருடமாக ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. களி இரண்டு உருண்டை என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கொள்ளு என்றதும் நிறுத்தினாள்.

"கொள்ளா? குதிரை மாதிரியா?"

"ஆமா கண்ணு, குதிரைதான்," என்றேன். "போஸ்டர்லயும் அப்படியே போட்டுரு."